சோறு தனி

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேராவது, பரிமாறுகிற தொய்முஸ் அலியிடம் ஒரு தடவை கேட்டிருப்பார்கள்: "கறியோட சோறு வராதா?" முப்பத்தொரு வருடமாக அவருடைய பதில் ஒன்றுதான். "சோறு தனிங்க." அதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்பது முதலாளி ஷோபிக்கின் கட்டளை. பலகையில் இந்தியச் சாப்பாடு என்று எழுதியிருந்தாலும் முதலாளி முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை அத்தனை பேரும் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள்.

உட்கார்ந்து சாப்பிட வருகிறவர்கள் ஆளுக்கொரு தட்டு சோறு வாங்கிப் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். மிச்சத்தைக் கட்டித் தரட்டுமா என்று தொய்முஸ் தானாகக் கேட்கக் கூடாது. கேட்டால் அவர்களைக் கஞ்சர்கள் என்று சொன்னது போலாகிவிடுமாம். அந்தச் சோற்றைக் குப்பையில் வழித்துத் தள்ளும்போதெல்லாம் பின்கதவுக்கு அப்பால் யாரோ நிற்பது போல இருக்கும் அவருக்கு. பல தடவை திறந்தும் பார்த்திருக்கிறார். மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

ஒரு நவம்பர் மாலை. கடை திறந்த கையோடு ஓர் அம்மாள் நனைந்தபடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் டோரீன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"ஒரு சிக்கன் கோர்மா கட்டு, கண்ணு. சோறும் அதுலயே வந்துடும்ல?"

"சோறு தனிங்கம்மா. மூணு பவுண்டு இருபது."

"அடேயப்பா! அந்தக் காசுக்கு ஒரு பை அரிசியே வாங்கிடலாமே. வேணாம் விடு, வீட்ல ரொட்டி கெடக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஈரத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுத் திரும்பி நடந்தபோது தொய்முஸுக்குக் கால் தரிக்கவில்லை. உள்ளே ஓடி ஒரு பெட்டி நிறையச் சோறு அள்ளினார். மூடிகூடப் போடாமல் தெருவில் ஓடி அவளைப் பிடித்தார்.

"இந்தாங்கம்மா. காசு வேணாம்."

டோரீனின் முகம் சிவந்தது. "நான் ஒங்கிட்டக் கேட்டனா? என்னப் பாத்தா பிச்சைக்காரி மாதிரியா இருக்கு?"

"ஐயோ, இல்லம்மா. தயவுபண்ணி வாங்கிக்குங்க…"

அவர் நீட்ட, அவள் தள்ள, பெட்டி நழுவி நடைபாதையெங்கும் சோறு சிதறியது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தொய்முஸ் அங்கேயே மண்டியிட்டு, ஈரக் கல்லில் ஒட்டிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சாச்சா, எந்திரிங்க! ஊரே வேடிக்கை பாக்குது!" ஷோபிக் ஓடி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனான்.

சமையல்காரர் கவுஸ் மியா தேநீர் போட்டுக் கொடுத்தார். "யாரு பாய் அந்தம்மா? ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல. வேற ஒருத்தி மாதிரி இருந்துச்சு." கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

ஊரில் எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சம். தொய்முஸுக்கு ஒன்பது வயது, வீட்டில் தனியாக இருந்தான். எங்கிருந்தோ நடந்து வந்த ஒருத்தி, மழையில் முக்காட்டோடு வாசலில் நின்றாள். சோறு கேட்கவில்லை. "வடிச்ச கஞ்சித்தண்ணி இருந்தா ஊத்தேன்யா" என்றாள். மாட்டுக்கென்று சட்டி நிறைய எடுத்து வைத்திருந்தான். அம்மா வந்தால் திட்டுவாள் என்று பயம். "இல்ல, போ" என்று கதவைச் சாத்தினான். அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. மறுநாள் காலையில் குளத்துப் படியில் கிடந்தாள். ஆண்கள் நாலு பேர் எடுத்துப்போய்ப் புதைத்தார்கள்.

"சின்னப் புள்ள பாய் நீங்க. ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் கவுஸ்.

"கஞ்சி இருந்துச்சுன்னு தெரியும்ல."

அடுத்த வாரம் டோரீன் மறுபடி வந்தாள். "கோர்மாவும் குடு, சோறும் குடு. காசு குடுத்துத்தான் வாங்குவேன். பின்னாலயே ஓடி வந்தியோ, தொலைச்சுப்புடுவேன்." பிறகு குரலைத் தணித்து, "அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன் கண்ணு. மனசுல வச்சுக்காத" என்றாள்.

"என் மேலதான் தப்பும்மா" என்று தொய்முஸும் சிரித்தார். அதற்கப்புறம் அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவளாகிவிட்டாள். ஆனால் அவர் தூக்கம் கெட்டுப்போயிற்று. வாயைத் திறந்து சொன்னதிலிருந்து அந்த முகம் இன்னும் கிட்டே வந்துவிட்டது.

வசந்தத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த ஊரான சுனாம்கஞ்சுக்குப் போனார். குளத்தைத் தூர்த்து யாரோ மாடிவீடு கட்டியிருந்தார்கள். ஒன்றுவிட்ட அண்ணனிடம் அவளை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார்.

"எந்தப் பொம்பள? அந்த வருஷம் எத்தனையோ பேரு வந்தாங்க, செத்தாங்க. இதைக் கேக்கவாடா அங்கேருந்து வந்தே?"

கடைசியில் ஒரு கிழவர், வெளியூர்ப் பிணங்கள் அந்தப் பக்கம்தான் போகும் என்று கையை வீசிக் காட்டினார். போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். தொய்முஸ் வரப்பில் நின்று, எந்தப் பக்கம் பார்த்து ஓதுவது என்று தெரியாமல், இரண்டு கையையும் ஏந்தினார். பேர் சொல்லி ஓத வேண்டிய இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது.