தனக்கொடி பிடித்த கைப்பிடி

முதலியார்பேட்டையில் தனக்கொடியைப் போல ஒரு வீம்புக்காரியை நான் பார்த்ததில்லை. அவள் புருஷன் தணிகாசலமோ அவளுக்கும் ஒரு படி மேல். இந்த இரண்டும் எப்படித்தான் குடித்தனம் நடத்தினவோ, சிரித்துக்கொண்டேதான் நடத்தின.

தணிகாசலம் புஷ்புஷ் வண்டி தள்ளுகிறவர். மோட்டார் வந்த பிறகும் துரைமாரும் வக்கீல்களும் அதில்தான் போவார்கள். உட்கார்ந்திருப்பவர் முன்சக்கரத்துக் கைப்பிடியைத் திருப்பி வழியைப் பார்த்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் குனிந்து தள்ளுவதோடு சரி. எங்கே போகிறோம் என்று நிமிர்ந்து பார்க்கும் வழக்கமே தணிகாசலத்துக்குக் கிடையாது.

வம்பு வந்ததும் இந்த வண்டியால்தான். தனக்கொடியின் அண்ணன் கண்ணையன் அரியாங்குப்பத்தில் பயிர் வைக்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். ஒரு கல்யாணப் பந்தியில், "ஒருத்தன உக்கார வச்சித் தள்றதும் ஒரு பொழப்பா?" என்று கேட்டுவிட்டார். தணிகாசலம் பாதிச் சோற்றில் எழுந்தவர்தான்; அதன்பின் பேச்சுவார்த்தையே இல்லை. வருகிற மாசியில் மகள் அஞ்சலாட்சிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? தனக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் மடி இல்லன்னா எம் மடி" என்று முடித்துவிட்டார் தணிகாசலம்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் அரியாங்குப்பத்து ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். சனம் கட்டுச்சோற்றோடு மணலில் உட்கார்ந்துவிடும்.

"ஊர்ல இருக்கறவன எல்லாம் தள்றியே, ஒரு நாளு என்ன வச்சித் தள்ளக் கூடாதா?" என்றாள் தனக்கொடி.

மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகளும் புளிச்சோற்றுத் தூக்கும் மடியில், கைப்பிடி தனக்கொடி கையில். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

"எங்கடி திருப்புற?"

"சாமி பாக்கத்தான். நீ குனிஞ்சி தள்ளு."

ஆற்றங்கரையில் சிறுவள்ளிக்கிழங்குக் குவியல்களையும் பொரிக்கடைகளையும் சுற்றிக்கொண்டு, அண்ணன் பாய் விரித்திருந்த இடத்துக்கு நேராகத் திருப்பினாள். அதற்குள் சக்கரம் மணலில் புதைந்தது. தணிகாசலம் தம் கட்டித் தள்ளினார், அசையவில்லை. அப்போது பக்கத்தில் இன்னொரு தோள் வந்து முட்டுக் கொடுத்தது. வண்டி மேலேறியது. யாரென்று நிமிர்ந்தால் கண்ணையன்!

தணிகாசலத்தின் முகம் சுண்டிவிட்டது.

"இன்னா கனம் மாப்ள! இதத் தெனமும் நீ ஒண்டியாவா தள்ற?" கண்ணையனுக்கு மூச்சு வாங்கியது. "அன்னிக்கி நான் பேசினது தப்பு. ஏறி உக்காரு, நான் தள்றேன்."

"ஏறுப்பா, ஏறுப்பா" என்று மகள் குதித்தாள். தனக்கொடி அவளோடு இறங்கி இடம் விட்டாள். கடைசியில் தணிகாசலம் ஏறினார்.

இத்தனை வருஷம் தள்ளியவர் கைப்பிடியைத் தொட்டதே அன்றைக்குத்தான். எந்தப் பக்கம் திருப்பினால் எங்கே போகும் என்று தெரியவில்லை. கண்ணையனோ தலையைக் குனிந்து மும்முரமாகத் தள்ளினார். வண்டி சரிவில் இறங்கி, இருவரையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குள் போய் நின்றது. கண்ணையன் இடுப்புவரை தொப்பலாகிவிட்டார். கரை முழுக்கச் சிரிப்பு.

"யோவ் மச்சான், முன்னாடி பாத்துத் தள்ள மாட்டியா?" என்று கத்தினார் தணிகாசலம்.

மச்சான் என்ற வார்த்தையைக் கேட்டதும் தனக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள்.

"வேட்டியப் புழிஞ்சிக் காயப் போடுய்யா" என்றார் தணிகாசலம். "மாசியில எம் பொண்ணு அந்த மடியிலதான் உக்காரணும்."