கணக்கில் வராத அத்தைகள்

புனேவில், மார்பில் ஒரு கட்டி தென்பட்டு நான் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அந்த ஊரின் கட்கி பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி குட்டையாகச் சுருண்டிருந்தது. பேசும்போதெல்லாம், அறுவை செய்து எடுத்துவிட்ட வலது மார்பின் மேல் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்ல யாருக்காச்சும் இருந்திச்சான்னு டாக்டர் கேட்டப்போ, நஹின்னுட்டேன்மா. அப்பாகூடப் பொறந்த அத்தைங்க ரெண்டு பேரும் இதுலதான் போனாங்க. ஆனா அவங்க கல்யாணமாகி வேற வீட்டுக்குப் போனவங்களாச்சே! நம்ம வீடுன்னு எப்படிச் சொல்றது?”

மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் டாக்டர் விளக்கினாராம். இது அப்பா வழியிலும் வருமாம். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமலேயே மகளுக்கு வந்துவிடுமாம்.

“அச்சா ஹுவா, நல்லதாப் போச்சு, எனக்குப் பொண்ணு இல்ல. ஒரே பையன். என்னோட முடிஞ்சிரும்.”

அந்தப் பையனும் ஒரு பெண்ணுக்கு அப்பா ஆகலாமே! அதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில் மகன் மருந்துப் பையோடு வந்தார். அவர் இடுப்பிலிருந்த பெண் குழந்தை பாட்டியின் மடிக்குத் தாவியது.

அம்மாள் மகனைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். அவ்வளவு நேரம் தன்மேல் இழுத்து விட்டுக்கொண்டிருந்த முந்தானையை எடுத்து, அந்த மே மாதப் புழுக்கத்தில், குழந்தையைச் சுற்றிப் போர்த்தினார்.

என் கட்டி ஆபத்தில்லாதது என்று தெரிந்தது. அந்தக் குழந்தை இப்போது வளர்ந்த பெண்ணாகியிருப்பாள். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று ஒரு டாக்டர் கேட்டால், அப்பாவைப் பெற்றவளைச் சொல்வாளா?