மூளையைப் படிக்கிற டாக்டரம்மா

பாராட்டு விழா முடிந்து மாலைகளைக் கழற்றிய டாக்டரம்மா கையில் சானிடைசர் தடவிக்கொண்டார். அந்த ஸ்பிரிட் வாசனை என்னை நாற்பது வருடம் பின்னால், அவருடைய ஆஸ்பத்திரி அறைக்கு இழுத்துப் போனது.

சரோஜா அத்தைக்கு வலிப்பு. தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள். காகிதத்தில் ஊசிகள் சாரல் மாதிரி ஓடும். ‘மூளையைப் படிக்கும் முதல் பெண்மணி’ என்று பேப்பரில் வந்த டாக்டரம்மாவின் படத்தை அப்பா சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். தங்கை யாரையோ விரும்புகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். பெயர் தெரிந்தால் அந்த வாரமே வேறு மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்திருப்பார்.

ஒயரைக் கழற்றியதும் அப்பா உள்ளே போய்க் கேட்டார்.

“மேடம், இவ யாரை நினைக்கிறாள்னு இதுல வந்திருக்கா?”

“பேரெல்லாம் வராதுப்பா. வெறும் கோடு.”

“படிச்சிட்டு மறைக்கிறாங்க,” என்று எங்கள் ஏரியா நீலசந்திராவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா வழி முழுக்க முணுமுணுத்தார். டாக்டரம்மா சொன்னதை நானும் நம்பவில்லை. அத்தையைப் பார்த்து டாக்டரம்மா லேசாகச் சிரித்ததை நான் பார்த்திருந்தேன். அடுத்த மாதமே அத்தை, பக்கத்து ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்தவரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள்.

இன்று கார் கதவு வரை கூடவே போனேன்.

“மேடம், நான் நீலசந்திரா சரோஜாவோட அண்ணன் பொண்ணு. அத்தை யாரை விரும்பினாங்கன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்தானே?”

கார் கதவைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

“தெரியும். மெஷின் சொல்லலம்மா. மெஷின்ல எப்படியும் மாட்டிக்குவோம்னு பயந்து, நான் பசை தடவும்போதே உங்க அத்தையே பேரைச் சொல்லிட்டா. அவளை நான் விசாரிச்சதாச் சொல்லு.”