தாம்பரம் தாண்டியும் சிவப்பு

அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தோழி கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். உள்ளே தங்கத்தின் நுண்துகள்கள் மிதக்கும் நீர், மாதுளைச் சாறு போன்ற சிவப்பில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருந்த கல்லூரியில் நாங்கள் இருவரும் ஆய்வு மாணவிகள். நான் திருப்புலிவனத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் கடைத்தெருப் பாத்திரக்கடைக்காரரின் மகள்.

மருந்தைச் சுமந்துகொண்டு உடம்புக்குள் போகவேண்டிய துகள்கள் என்பதால், ரத்தத்தைப் போல உப்புள்ள நீரில்தான் அவற்றை வைப்பாள். அந்த உப்புதான் எமன். துகள்கள் ஒட்டாமலிருக்க அவற்றின்மேல் சுற்றிய பாலிமர் இழைகள் அதில் மெல்லக் கழன்றுவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பு நீலமாகிவிடும். துகள்களைப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியோ சென்னையில் இருந்தது; பேருந்து தாம்பரம் சேர்வதற்குள் குப்பி நீலமாகிவிடும். மகளைத் தனியே அனுப்ப மனமில்லாத அவளுடைய அத்தா, ஒவ்வொரு முறையும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்து, நீலக் குப்பியோடு திரும்புவார்.

இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய வலையாகப் போர்த்திவிட்டால் கழலாது என்று அவள் நம்பினாள். பிணைக்கும் ரசாயனம் கொஞ்சம் கூடினாலும் பக்கத்துத் துகளின் வலையும் சேர்ந்து பிணைந்து எல்லாம் கட்டியாகிவிடும். மாதக்கணக்கில் குறைத்துக் குறைத்துப் பார்த்தாள்.

“எத்தினி வாட்டிமா கடைய மூடிக்கினு வர்றது? இதான் கடசி,” என்றார் அத்தா, அன்று பேருந்தில் ஏறும்போது. கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எங்களுக்குப் பயமாக இருந்தது.

தாம்பரம் தாண்டியதும் குப்பியை என்னிடம் நீட்டி, “நீயே பாருடி,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். கைக்குட்டையைப் பிரித்தேன். முன் இருக்கையிலிருந்து அவர்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா, செவப்பாவே கீது?”

நுண்ணோக்கித் திரையில் ஒவ்வொரு கரும்புள்ளியைச் சுற்றியும் அந்த வலை வெளிறிய மெல்லிய வளையமாகத் தெரிந்தது. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “ஒண்ணொண்ணும் தனித்தனியா சட்ட போட்டுக்கினு நிக்குது,” என்றார். அவள் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள்.

இன்று என் மாணவர்கள் இத்தகைய போர்வையை ஒரு மதியத்தில் செய்து முடித்துவிடுகிறார்கள். தோழிக்கோ சொந்தமாக ஓர் ஆய்வகமே இருக்கிறது. அது அன்று மாலை உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில்தான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றும். இறங்கியதும் பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்: “இன்னா பாய், இன்னிக்கும் கட தொறக்கலியா?”

“பொண்ணு வேலயா மெட்ராஸ் போய்ட்டு வரேன்,” என்றார் அத்தா, கொஞ்சம் உரக்கவே. “அடுத்த மாசமும் போவணும்.”