பேர்களுக்கு ஒரு ஹீட்டர்

நனைந்த குடையோடு அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது. செருப்பையும் வெளியே விட வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதி ஒட்டியவர் மெஷினைப் பார்க்கக் கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சேர். காவல் காத்தவள் நான். மேனேஜரே ஒருநாள் சொட்டச் சொட்ட வந்து நின்றபோது, "சேர், குடை" என்று வாசலைக் காட்டினேன். அவ்வளவு திமிர் எனக்கு.

எண்பதுகளின் நடுப்பகுதி. பல தேயிலைத் தோட்டங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் அலுவலகம் ஒன்று ஹட்டன் டவுனில் இருந்தது. அங்கே கொம்பியூட்டர் வந்து இறங்கியிருந்தது. தோட்டங்களில் வேலை செய்கிற எல்லோருடைய விவரமும், ஆளுக்கு ஓர் இலக்கத்தோடு அதில் ஏறியிருந்தது. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று பதிவதும், பிழை திருத்துவதும் என் வேலை. சாயங்காலமானால் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, பிரதி ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்து அலுமாரியில் பூட்ட வேண்டும். எங்கள் ஊர் ஈரத்துக்கு டிஸ்க்கில் பூஞ்சணம் பிடித்துவிடும். பிடித்தால் மெஷின் அதைப் படிக்காது. அத்தனை தோட்டங்களுக்கும் சம்பளம் தள்ளிப்போகும். அதனால் அறையில் பகலெல்லாம் ஹீட்டர் ஓடும். அலுமாரிக்குள்ளும் ஒரு பல்ப் அணையாமல் எரியும்.

தோட்டத்தில் ஒருநாள் வேலையையே 'பேர்' என்றுதான் சொல்வோம். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், சரியாக இருந்தால் முழுப் பேர். அதனால் ஒபிஸில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எல்லார் பேரையும் நனையாம பாத்துக்கிறேன்" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

வீடு வட்டவளைப் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களில் ஒன்றில், அண்ணன் குடும்பத்தோடு. அந்த ஆடி மாதம் அண்ணியிடம் கைக்குழந்தை இருந்தது. மழை விட்டபாடில்லை. பிள்ளைத் துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டால் புகை ஏறிவிடும். அந்தத் துணியைச் சுற்றினால் பிள்ளை மூச்சுத் திணறத் திணற இருமியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டியபோது, "நெஞ்சுல சளி. ஈரத்துணி மட்டும் போட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு எதைப் போடுவது என்று சொல்லவில்லை.

"எங்க பேரெல்லாம் ஒங்க ஒபிசுல குளிர் காயுது. நாங்கதான் இங்க நனைஞ்சிக்கிட்டு கெடக்கோம்" என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளெல்லாம் அந்தச் சூட்டில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தவள் நான்தானே.

மறுநாள் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் பிள்ளைத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஹீட்டர் பக்கத்தில் இருந்த கதிரையின் முதுகில் அவற்றைப் போட்டேன். அந்தப் பகலை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். துணியிலிருந்து ஆவி எழும்பும்போதெல்லாம், எங்கோ ஒரு தோட்டத்தில் யாரோ ஒருத்தியின் பேர் அழிகிற மாதிரி இருந்தது. மெஷின் கொஞ்சம் முனகினால் போதும், எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து பார்ப்பேன். பிரதிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். பூஞ்சணம் இல்லை. சாயங்காலம் சூடு ஆறாத துணியைப் பிள்ளைக்குச் சுற்றியபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் கொண்டுபோனேன். பிள்ளையின் இருமலும் மெல்ல மெல்லத் தணிந்தது.

கொழும்பு சேர் அந்த மாதம் சொல்லாமல் வந்து நின்றார். நேரே கதிரையைத்தான் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பபாகேத?" என்றார். குழந்தையுடையதா என்று சிங்களத்தில் கேட்கிறார். "ஒவ் சேர்" என்று தலையாட்டினேன். அவர் கதிரையைத் தூக்கி, அலுமாரியை விட்டுத் தள்ளி வைத்தார்.

"டிஸ்க் பக்கம் வேணாம் மிஸ். இந்தப் பக்கம் போடுங்க. பிரச்சின இல்ல" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, டிஸ்க்குகளைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே அண்ணியிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த நாள் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா வந்தாள். அவளுக்கும் ஒரு சின்னப் பிள்ளை. கொழுந்துக்குப் போகும்போது அதை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். அது இருமுவதும் சுவர் வழியே எங்களுக்குக் கேட்கும். கையில் சின்ன மூட்டை வைத்திருந்தாள்.

"எம்புள்ள துணியும் ரெண்டு கொண்டு போறியா?"

"சேர் விட மாட்டாருக்கா. வேல போயிரும்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"ஐயோ, அப்ப வேணாம். ஒன் வேலைக்கு ஒன்னும் வந்துறக் கூடாது" என்று மூட்டையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இவளுக்குக் கொண்டுபோனால் நாளைக்கு லயமே மூட்டையோடு வரும் என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. சேர் தந்த சலுகை எனக்கு மட்டும் தந்ததாக இருக்க வேண்டும் என்றும் ஓர் ஆசை இருந்தது. அந்த அறையில் இடத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

சனிக்கிழமை அரைநாளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவும் மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மழைக்காக இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டாள். பிறகு சேலைக்கு உள்ளே, வயிற்றோடு வயிறாகச் சுற்றியிருந்த பிள்ளைத் துணியை உருவினாள். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சிருச்சுடி" என்று வாசலில் இறக்கிவிட்டிருந்த பிள்ளையிடம் சொன்னாள். வெறும் உடம்பில் ஈரத்தைச் சுற்றிக்கொண்டு காலையிலிருந்து மழையில் நின்று கொழுந்து பறித்திருக்கிறாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக அவள் வாசலில் போய் நின்றேன்.

"துணியக் குடுக்கா, நாளைக்குக் கொண்டு போறேன். சேர் சரின்னுட்டாரு."

"தெரியும்" என்றாள் அவள், பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டே. "ஒங்க அண்ணி அன்னிக்கே பீலியில தண்ணி புடிக்கறப்ப சொல்லிட்டாங்க. அதக் கேட்டுட்டுத்தானே ஒன்கிட்ட வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். குரலில் ஒரு கோபமும் இல்லை. "ஏன் வெளிய நிக்கிற, உள்ள வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று பலகையை இழுத்துப் போட்டாள். சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி தந்தாள். துணியை மட்டும் தரவில்லை.