பஸ்ஸை நிறுத்தினேன், வலி நிற்கவில்லை

இடுப்பு வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வலி எங்கே என்று டாக்டர் கேட்பார். நாள் முழுக்க என்னென்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். ஊரிலிருந்து தினமும் டவுன் பஸ். ஒரு நாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது. சில நாளில் பாதம் மரத்துப்போனது.

சேலத்து எலும்பு டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். குலுங்கும் பஸ் கூடாது, குறையாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகு கால் விளங்குமா என்று பயந்து செத்தேன்.

வக்கீல் நல்ல மனிதர். டைப் மிஷினையே வீட்டுக்கு அனுப்பினார். நாமக்கல்லுக்கு முட்டை கொண்டுபோகும் என் கணவர் காகிதங்களை வாங்கி வந்து, அடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

எங்களுக்குச் சின்னக் கோழிப்பண்ணை உண்டு. கூடு வைத்தாலும் பாதிக் கோழிகள் உமி பரப்பிய தரையில்தான் முட்டையிடும். குனிந்துதான் எடுக்க வேண்டும்.

மாமியார் கெட்டவரல்ல. காலையில் எட்டிப் பார்ப்பார்.

"ஊட்டுலதான இருக்கறே சாமி, அந்த முட்டைய மட்டும் பொறுக்கிப் போட்டுட்டு டைப்படி."

பிறகு கிணற்றில் ரெண்டு குடம் தண்ணீர். பிறகு மாவு. நான் பஸ் ஏறிய நாட்களில் இவற்றை அவரும் என் கணவரும்தான் பார்த்தார்கள். எனக்குக்கூட உறைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்வதுதான் வேலை என்று நானும் நினைத்திருந்தேன்.

இரண்டாம் மாதம் கால் கட்டைவிரலை உயர்த்த முடியவில்லை. டாக்டர் முகம் மாறியது.

"பஸ்ல போறதில்லையே?"

"இல்லீங்க டாக்டர்," என்றார் என் கணவர். "சும்மா ஊட்டுலதானுங்க இருக்குது. முட்டை பொறுக்கும், தண்ணி சேந்தும், மாவாட்டும். அவ்வளவுதானுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "இதுக்கு அந்த பஸ்ஸே தேவலைங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டாக்டர் சொன்னபடி பலகையில் படுத்தே கிடந்தேன். முட்டையைக் கணவர் எடுத்தார், மாவை மாமியார் ஆட்டினார். விரல் மெல்ல அசைந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. இனி வீடா, அலுவலகமா என்று வக்கீல் கேட்டனுப்பினார். வீட்டில் குலுக்கல் இல்லை. ஆனால் யாராவது வேலை ஏவினால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பஸ்ஸில் குலுக்கல் உண்டு, இறங்கினால் முடிந்தது. டாக்டர் சம்மதத்தோடு, கூட்டமில்லாத பஸ்ஸில் முன் இருக்கை என்று முடிவானது.

முதல் நாள் கிளம்பும்போது பண்ணையில் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குனிஞ்சு நிமிந்தா புடிக்குது புள்ள."

"குனியாதீங்க. முட்டி போட்டு எடுங்க."

முட்டி போட்டார்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. முன்பென்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். இப்போது என் காலைக் கேட்டேன், ஓட வேண்டாம் என்றது. அடுத்த பஸ்ஸுக்கு நடந்தேன்.