பல்லில் கடித்த நூல்

எங்கள் பார்லரில் என்னோடு வேலை பார்த்த அவளைப் புருவம் எடுப்பதில் மிஞ்ச ஆளில்லை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாளென்றால், நிமிரும்போது இரண்டு புருவமும் முடிந்திருக்கும். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. பல்லில் நூலை வைத்துக்கொண்டு எவள் பேசுவாள்? ஜன்னலோர நாற்காலி அவளுடையது. அதில் உட்காரத்தான் வருகிறவர்கள் காத்துக் கிடப்பார்கள். எனக்கு வயிறு எரியும், பொய் சொல்வானேன்.

ஒருநாள் ஒரு அம்மாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இடது புருவம் தூக்கலாக இருக்கிறதென்றாள். அந்த அம்மாளின் முகம் பிறவியிலேயே அப்படித்தான். எனக்கும் தெரியும், முதலாளியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் முதலாளியம்மா கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உனக்குக் கண்ணு கோணலா, இல்ல கையே கோணலாடி?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவள் நான்.

அன்றோடு போயிற்று அவள் கை. நாலு இழுப்புக்கு ஒருமுறை வாயிலிருந்து நூலை விட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தாள். நூலை விட்டால் பிடி தளரும்; பிடி தளர்ந்தால் கோடு தப்பும். கேட்டால் சும்மா இருப்பார்களா? இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்பார்கள். அவளும் புருவத்தை விட்டுவிட்டு, அவர்கள் மூஞ்சி சுளிக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். வந்தவர்களைக் கவனிக்கிறாளாம்! நான் அவளுக்குக் கோணக்கை என்று பெயர் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

முதலாளியம்மாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்தப் புருவத்தை ஒழுங்காக எடுத்தால் ஜன்னலோர நாற்காலி அவளுக்கே, இல்லாவிட்டால் எனக்கு என்று சொல்லியாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று அவள் ஏழு முறை கேட்டாள். மணப்பெண்ணும் ஏழு முறை இன்னும் மெல்லிசாக என்றாள். கடைசியில் புருவமென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பெண் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, முதலாளியம்மா மகா புண்ணியவதி. தலை கழுவும் தொட்டிக்கு அனுப்பினாள். நாற்காலி எனக்கு வந்தது.

போன வாரம் அவளுடைய பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, நாலு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவள், தொட்டியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியபடி கேட்டாள்: "முன்னாடி இங்க ஒரு பொண்ணு புருவம் எடுப்பாளே, அவ எங்கம்மா? அவளுக்காகத்தான் வந்தேன்."

நான் கையில் நூலோடு நின்றிருந்தேன். தொட்டியருகே நின்ற அவளோ அந்தத் தலையில் விரலை ஓட்டிக்கொண்டே, "அவ போய்ட்டா மேடம். இப்ப இருக்கறவங்க அவளவிட நல்லாப் பண்ணுவாங்க" என்றாள்.